கயிறு அழுந்திய இடம்

நிரோஷாவுக்குக் குமட்டுவது சாயத்தின் வாடையால் அல்ல, அந்தச் சிரிப்பால். கண்டியில் நளீர் நானாவின் படக்கடை மேல்மாடியில், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே படத்துக்குத்தான் அவள் நிறம் தீட்டுகிறாள். பழைய அச்சுப்படம். தேயிலை மலையில் மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கிறார்கள். தாள் வெறும் கறுப்புக் கோடுகளாக வரும். சேலைக்குச் சிவப்பு, செடிக்குப் பச்சை, பாதத்துக்கு ரோஜா நிறம் என்று இவள் தூரிகையால் ஏற்ற வேண்டும். அட்டை கடித்துப் புண்ணான காலுக்கு ரோஜா நிறம்! த்தூ.

படத்தில் முதுகுக்கூடையின் கயிறு உச்சந்தலையிலிருந்து தொங்கும். கயிற்றைச் சுற்றி அடர்ந்த கூந்தல். கூந்தலில் பூ வேறு.

நிரோஷாவின் அம்மா ரத்தினம்மா பன்விலத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முந்தியே கூடை தூக்கியவள். கயிறு அழுந்திய இடத்தில் மயிர் கொட்டி, விரலகலத்துக்கு வழுக்கை. வெளியே போனால் முந்தானை தலையை விட்டு இறங்காது. மகளைத் தவிர அதைப் பார்த்தவர்கள் இல்லை.

ஒரு நாள் வெறுப்புத் தாங்காமல், முன்னால் நிற்கும் பெண்ணின் உச்சியில் கறுப்பைப் பூசாமல் விட்டாள் நிரோஷா. கயிற்றுக்கடியில் தோல் நிறம் மட்டும். வாங்குகிறவனுக்கும் கொஞ்சம் அருவருக்கட்டும்.

அருவருக்கவில்லை. பல்லேகலப் பக்கம் ஹோட்டல் கட்டும் ரவிகுமார் அதைப் பார்த்துக் குதித்தார்.

"ஆகா, இதுதாங்க அசல்! எங்கம்மாவும் மலையில நின்னவங்கதான், இதே வழுக்கை. வெள்ளைக்காரன் உருகிருவான். எனக்கு எல்லாப் படத்துலயும் இப்படியே விட்டுக் குடுங்க."

"பாத்தீங்களா தங்கச்சி," என்றார் நளீர், "உங்கட பிழையும் விலை போகுது."

கிளினிக்குக்கு வந்த ரத்தினம்மா, மகளோடு சேர்ந்து பஸ் ஏறலாம் என்று அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தாள்.

"தோட்டத்து அம்மாவா?" ரவிகுமார் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "முந்தானைய இறக்கிட்டு இப்படிக் கொஞ்சம் குனிங்கம்மா. படத்துக்குப் பக்கத்துல உங்க தலையையும் மாட்டுவோம்."

ரத்தினம்மா படத்தைப் பார்த்தாள். அதிலிருந்த உச்சியைப் பார்த்தாள். பிறகு மகளை. முந்தானையை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உங்கம்மா தலைய மாட்டுங்க தம்பி. குனிவாங்களான்னு மொதல்ல கேட்டுட்டு."

நளீருக்குச் சிரிப்பு இருமலாக வந்தது. நிரோஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நாளும் அந்தப் படத்தின் மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன் கைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா மூடி வைத்ததைத் திறந்து கடையில் பரப்பியது இந்தக் கைதானே? தூரிகையைக் கறுப்பில் தோய்த்து அந்த உச்சியை மூடினாள்.

"ஐயோ, அதுதானே எனக்கு வேணும்!"

"அது விக்கிறதுக்கில்ல."

"அப்ப எனக்குப் படமும் வேணாம்." ரவிகுமார் படியில் இறங்கினார்.

"ஓடர் போகுது தங்கச்சி," என்றார் நளீர்.

"போகட்டும் நானா."

ரத்தினம்மா குனிந்து தாளை உற்றுப் பார்த்தாள்.

"அந்தப் பூவையும் அழிச்சிருடி. பூ வச்சுக்கிட்டு எந்தக் கிறுக்கி மலைக்குப் போவா?"

தூரிகையில் கறுப்பு மிச்சமிருந்தது.