தேறிவிட்ட பெண்

வங்காளத்துப் பாலிகஞ்சில், வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்றின் தொண்டு அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். ரயில்பாதை ஓரத்துப் பெண்களுக்கு நாங்கள் நடத்திய தையல் வகுப்பில்தான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வரும் நாளில் மட்டும் கிழிந்த சேலை கட்டி வருவார்.

ஒருமுறை காரணம் கேட்டேன்.

"நல்லதைக் கட்டினா, இவளுக்கு இனிமே உதவி எதுக்குன்னு வகுப்பை மூடிடுவாங்க, தீதி," என்றார் வங்காள மொழியில், என்னை அக்கா முறை வைத்து.

சென்ற குளிர்காலத்தில் நன்கொடையாளர்கள் சொல்லாமல் வந்தார்கள். அம்மாள் புதுச் சேலையில், தானே தைத்த ரவிக்கையோடு மெஷின் முன்னால் இருந்தார். வந்தவர்களில் ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு, "கஷ்டப்படுகிற பெண் யாரும் இல்லையா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அம்மாள் எழுந்து நின்றார்.

"கஷ்டப்பட்டவதான், இப்ப தேறிட்டேன்னு சொல்லுங்க தீதி. அதுக்குத்தானே இவங்க உதவி பண்ணாங்க?"

சொன்னேன். கேமராக்காரர் மனதாரப் பாராட்டினார்; படம் மட்டும் எடுக்கவில்லை.

மூன்றே மாதத்தில் வகுப்பை மூடச் சொல்லி நன்கொடையாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'நோக்கம் நிறைவேறியது' என்ற அதன் வரியை நான்தான் வங்காள மொழிக்கு மாற்றினேன். அத்தனை நாள் பயந்தவர் அன்று ஏன் எழுந்து நின்றார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.