கண்ணாடிப் பெட்டிக்குச் சாம்பிராணி

திருத்தணிக்குப் பக்கத்தில், பாட்டில்களில் வாழைக்கன்று வளர்க்கும் ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலை பார்த்தேன். கன்றுகளைப் பிரித்து வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் தூசியே போகக்கூடாது. ஆயுத பூஜையன்று சூப்பர்வைசர் சுமதி, "பெட்டிக்கும் பூ வச்சி சாம்பிராணி காட்டுங்க பெரியம்மா, ஒண்ணும் ஆவாது" என்றாள். காட்டினேன்.

சில நாளில் பாட்டிலெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. பெட்டிக்குள் சாமந்தி இதழைக் கண்ட முதலாளி, "யார் வேலை இது?" என்று கத்தினார்.

"வேணாம்னு சொல்லிகினே இருந்தேன் சார். இந்தம்மா கேக்கல" என்று சுமதி என்னைக் கைகாட்டினாள்.

என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்ட பெண். நான் கையிலிருந்த பாட்டிலைக் கழுவி வைத்தேன். அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள்.

வாசல்வரை வந்தவள், "எனக்கு ரெண்டு புள்ளைங்க பெரியம்மா. மனசுல வச்சிக்காதீங்க" என்றாள்.

தலையாட்டி, "ஆங்" என்றேன்.

வேலை போனதுகூட ஆறிவிட்டது. அந்த ஒரு 'ஆங்' சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.