தார் அடுப்பில் மண் அள்ளிப் போட்ட பேச்சியம்மாள்

“...எரியுததை எரிய விட்டுட்டு நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்? எனக்கு உசிரே பதறுதே, மேஸ்திரி அண்ணாச்சி!”

போன செவ்வாய்க்கிழமை, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் தார் ரோடு போடுகிற இடம். கேட்டவர் பேச்சியம்மாள். எதிரே மேஸ்திரி. நடுவே தார்ப் பீப்பாய். அதன் கீழே அடுப்பு. அடுப்புக்குள்ளே... அள்ளிப் போட்ட ஈர மண்!

சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். சண்டை நடக்கிற இடத்தைத் தாண்டிப் போகிற பழக்கம் எனக்கு ஏது?

விஷயம் இதுதான். அடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் வீட்டுக்கு வீடு கரி சுட்டுப் பிழைத்தவர்கள். விறகை அடுக்கி, தழை பரப்பி, ஈர மண்ணால் மூடி, உள்ளே கனிய விடுவார்கள். அதற்குப் பெயர் மூட்டம். அது புகையலாம், எரியக் கூடாது. எங்காவது தீ எட்டிப் பார்த்தால் உடனே மண்ணை அப்ப வேண்டும். அசந்தால் அத்தனை விறகும் சாம்பல். “கொழுந்து கண்டா குடி போச்சு” என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்!

காட்டில் மரம் வெட்டத் தடை வந்தது. மூட்டங்கள் ஆறிப் போயின. இரண்டு வருஷமாகப் பிழைப்பில்லை. இப்போது ரோடு வருகிறது. சீசன் கூட்டம் வரும், கடை கண்ணி வைக்கலாம் என்று ஊருக்கே தெம்பு. பெண்கள் எல்லோரும் ஜல்லி சுமக்கிறார்கள். பேச்சியம்மாளுக்கு மட்டும் மூட்டு வலி. தலையில் சுமை ஏற்ற முடியாது. “நெருப்பு பாக்கத் தெரிஞ்ச ஆளு உண்டுமா?” என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார்.

“எனக்குத் தெரியாத நெருப்பா?” என்று முன்னால் வந்து நின்றவர், அன்று காலையிலிருந்து மூன்று தடவை அடுப்பை அணைத்திருக்கிறார்!

“வேணும்னா செஞ்சேன்? தீ நாக்கை நீட்டுச்சு... கை தானாப் போயிட்டு.”

ஜல்லிக் கூடையோடு போன ஒருத்தி விடவில்லை. “ஏ மதினி, தாரை உருக்கச் சொன்னா நீ கரி சுடுதியே!”

சிரிப்பு அடங்கவில்லை. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னும் நாலு நாள்ல சாரல் விழுந்துரும். ரோலர் சும்மா நிக்கி. இன்னொரு பிடி மண்ணு விழுந்துச்சு, நாளைக்கு வேற ஆளு. நீ வீட்டுல இரி.”

வேறு ஆள் கிடைப்பார். பேச்சியம்மாளுக்கு வேறு வேலை?

அவரை என்ன சொல்ல! ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்குத் தென்காசியில் உண்டு. மனைவி கோயிலுக்குக் கிளம்பினால், வாசலில் நின்று பச்சைத் துண்டை அசைக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் படி இறங்குகிறார். வேலை நம்மை விட்டுவிடும் — கைதான் அந்த வேலையை விடாது.

பேச்சியம்மாள் உசிர் பதறக் கேட்ட கேள்விக்கு மேஸ்திரி, “ஆமா, உக்காந்துதான் இருக்கணும்” என்றார். மண்ணை வாரி வெளியே தள்ளி, விறகு வைத்து மறுபடி பற்ற வைத்தார்.

தீ எழும்பியது. பேச்சியம்மாளின் கை மண் பக்கம் போனது. ஜல்லிக் கூடைகள் நின்றுவிட்டன.

சட்டென்று எழுந்தார். அடுப்புக்கு முதுகைக் காட்டி, புது ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, எரியுதா இல்லையான்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராதீய!” என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நீள விறகு ஒன்றைப் பின்பக்கமாகவே அடுப்புக்குள் தள்ளினார்.