பானையில் ஒளித்த முடி, மடிக்கு வந்த பிள்ளை

சீப்பைக் கண்டாலே உள்ளங்கை வேர்த்துப்போன காலம் ஒன்று எனக்கு இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். என் மூத்தவனைப் பெற்ற வருஷம். பங்குனியில் பிள்ளை பிறந்தான். ஆனி பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. ஒன்று இரண்டு இல்லை. கோதினால் விரலோடு கொத்தாக வரும். பாயில் கிடக்கும். குளித்த இடத்தில் சுருண்டு கிடக்கும். ஒரு நாள் பிள்ளையின் மூடின கைக்குள் என் முடி நாலைந்து இருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் முடியைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்வேன். தென்காசியில் எங்கள் தெருவில் அப்படி முடி வேறு யாருக்கும் கிடையாது. முழங்காலைத் தொடும். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பெண் பார்க்க வந்த அன்று பின்னலை அவிழ்க்கச் சொல்லி, கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார்கள். அந்தப் பெருமையால்தான் கொட்டுவதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

நான் ரெண்டாம் கிளாஸோடு நின்றவள். பெற்ற தாய் சின்ன வயசிலேயே போய்விட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டும் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. குஷ்டமோ என்று நினைத்தேன். அம்மா போனதுபோல நானும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறேனோ என்று நினைத்தேன். அப்போது தென்காசிக் கோபுரம் இடிந்து, உச்சி இல்லாமல் மொட்டையாக நின்றது. எங்கள் வாசலில் நின்றால் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் தலையும் இப்படித்தான் ஆகும் என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வேன்.

உதிர்ந்த முடியைக் குப்பையில் போடவும் பயம். தெருவில் கிடக்கிற முடியை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அடுப்பில் போட்டால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தினமும் உருண்டையாகச் சுற்றி ஒரு சின்ன மண்பானைக்குள் போட்டேன். வாயைத் துணியால் கட்டி, உள்வீட்டில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கொண்டைக்குள் சவுரி முடியை வைத்துப் பெரிதாக்கிக்கொண்டேன். தினமும் குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மையிடம், என் முடியைக் காப்பாற்று தாயே என்று கேட்டேன்.

ஆனி கடைசியில் நெல் எடுக்கப் போன அத்தை பானையைக் கண்டுவிட்டார்கள்.

"ஏட்டி, இங்கன வா. இத யாரு வச்சது?"

துணியை அவிழ்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாக முடி. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதே என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சவுரியை அவிழ்க்கச் சொல்வார்கள், மண்டை தெரிந்துவிடும். வாய் திறக்காமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷ வீம்புக்கு நான் பட்டது கொஞ்சமில்லை.

என் வீட்டுக்காரர் வண்டி கட்டிப் போய், செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார்கள். அவன் உருண்டைகளைத் தரையில் பரப்பி எண்ணினான்.

"இது பிள்ளை பெத்தவளுக்கு வச்சது. பாலு வழியா பிள்ளைக்கு இறங்கும். நாப்பத்தொரு நாள் பிள்ளை தாயிட்டப் போகக்கூடாது. ஏழாம் நாள் குற்றாலத்துல இவ தலைக்கு எண்ணெய் வச்சு முழுகணும். பானைய அருவித் தண்ணியில விடணும்."

நான் அத்தை காலில் விழுந்தேன். "அத்த, அது என் முடிதான். நானேதான் வச்சேன். இங்க பாருங்க" என்று சவுரியை உருவிப் போட்டேன். நெற்றி இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா, ஆளப் பிடிச்சிட்டுது. இப்பப் பேசுதது இவ இல்ல" என்றான் அவன்.

அத்தை என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு இருந்த பயம்தான் அவர்களுக்கும்.

நான் உள்வீட்டில். பிள்ளை முன்வீட்டில். மார் கல்லாகக் கட்டிப் போனது, சீலை நனைந்தது. சங்கில் ஆட்டுப்பால் கொடுத்தார்கள். கக்கினான். பேதி போனது. மூன்று நாள் விடாமல் அழுதான். பிறகு சத்தம் குறைந்தது. அழுகையைவிட அதுதான் எனக்குப் பயம். ஆறாம் நாள் சத்தமே இல்லை. கதவு இடுக்கு வழியாக வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பிள்ளை எப்படி இருக்கான்?"

"தூங்குதான்" என்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் குற்றாலத்துக்கு வண்டி கட்டினோம். ஆடி பிறந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை பிள்ளையைத் துணியில் சுற்றி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அது ஆடவே இல்லை. கோயில் வாசலில் இறங்கினதும் நின்ற இடத்திலேயே கையெடுத்தேன். அத்தனை நாள் கேட்டதை அன்றைக்குக் கேட்கவில்லை.

"தாயே, இந்த முடி பூராவும் எடுத்துக்க. திருப்பித் தர வேண்டாம். அந்த மொட்டைக் கோபுரம் மாதிரி நின்னுட்டுப் போறேன். பிள்ளைய மட்டும் என் மடியில போடு."

அருவிப் பக்கத்தில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருத்தி இருந்தாள். என் வயசுதான் இருக்கும். அவளுடைய பிள்ளை பக்கத்தில் சாக்கு விரிப்பில் தவழ்ந்துகொண்டிருந்தான். அவள் என் தலையில் இரண்டு கையையும் வைத்துத் தேய்த்தாள். கை நிறைய முடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அதைக் கல்லில் வழித்துப் போட்டுவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பிள்ளைக்கு எத்தன மாசம்மா? முகம் பாத்துச் சிரிக்கானா?"

நான் கண்ணைத் திறந்து அத்தை கையிலிருந்த துணிச் சுற்றைப் பார்த்தேன். அத்தைதான் சொன்னார்கள். "நாலு மாசம். முன்ன சிரிச்சான்."

"அப்பக் கொட்டத்தான் செய்யும். பிள்ளை முகம் பாத்துச் சிரிச்சா தாய்க்கு முடி உதிரும்லா. இதுக்கா ஆச்சி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய?"

"நீ என்னட்டி கண்ட? இது செய்வினை."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு மூணு பிள்ளைக்கும் இப்படித்தான் கொட்டிச்சு. எண்ணெய் தேய்க்கவளுக்கு எவன் காசு செலவழிச்சு மூணு தடவ செய்வினை வைப்பான்?" என்றவள், அத்தை முன்னால் குனிந்து தலையைக் காட்டினாள். "தடவிப் பாருங்க. ஒம்பது மாசப் பிள்ளைக்காரி தல இது."

அவள் நெற்றி ஓரம் முழுக்க விரல் நீளத்துக்குப் புது முடி, அறுத்த வயலில் துளிர்த்ததுபோல நிமிர்ந்து நின்றது. அத்தை தடவினார்கள். மறுபடி தடவினார்கள்.

"பால் குடுத்தியா?"

"குடுக்காம? அந்தா பாருங்க, தூக்க ரெண்டு ஆளு வேணும்."

அத்தை அந்தக் கொழுத்த பிள்ளையைப் பார்த்தார்கள். தன் கையில் துவண்டு கிடந்ததைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "உன் வீட்டுக்காரனப் பெத்தப்ப எனக்கும் கொட்டிச்சு, ஏட்டி. வெயிலுன்னு நினைச்சுட்டேன்" என்று சொல்லி, பிள்ளையை என் மடியில் போட்டார்கள். நான் கேட்ட அதே மடியில்.

உடனே குடிக்கவில்லை. வாயைத் திறக்கத் தெம்பில்லை. எல்லாம் பிந்திவிட்டதோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. உதட்டில் பாலைச் சொட்டு சொட்டாகப் பிழிந்தேன். வெகுநேரம் கழித்து நாக்கு அசைந்தது. பிறகு பிடித்துக்கொண்டான். அருவி இரைச்சலிலும் அவன் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பானையை என்ன செய்ய என்று அத்தை கேட்டார்கள். எண்ணெய்க்காரி எட்டிப் பார்த்து, "நல்ல முடியால்லா இருக்கு. தண்ணியில விடாதீய, சவுரி கட்டுங்க" என்றாள். அப்படியே கட்டினோம். அந்தச் சவுரி இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

மறு ஆடிக்கு என் தலை பூராவும் புதுமுடி. நான் வேண்டாம் என்று சொன்னதையும் அம்மை திருப்பித் தந்தாள். முழங்கால் வரை வரவில்லை, இடுப்பு வரைதான். அதுவும் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு முடி கேட்டு நான் கும்பிட்டதில்லை. ஆடிதோறும் போய் அம்மைக்குக் காணிக்கையாக மூன்று பிடி முடி கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாலு பிள்ளைக்கும் கொட்டினது. நான் கலங்கவில்லை.

இப்போது கோபுரம் திரும்ப எழும்பிவிட்டது. அந்த மகன்தான், தலை நரைத்தவன், கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினான். என் தலைக்கு ஒரு வருஷம் பிடித்தது, அதற்கு என் ஆயுசே பிடித்துவிட்டது.

பிள்ளை பெற்றுச் சீப்பைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிற பெண்களே, ஒளிக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், பிள்ளைக்குப் பால் கொடுங்கள். வருஷம் கடந்தும் வளராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மையிடமும் கேளுங்கள். அவள் எந்தக் கையால் தருவாள் என்று நமக்குத் தெரியாது. எனக்கு எண்ணெய் வழிகிற கையால் தந்தாள்.