கமலவேணிக்கு வாங்கிய வெள்ளைச் சேலை

மலாக்கா காஜா பேராங்கில் டோபி ஜெயபாலன் என்றால், துணி வெளுத்ததைவிட வாய் கிழியப் பேசியதுதான் ஊருக்கு ஞாபகம் இருக்கும். அடியேன்தான் அந்த ஆள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் மலேசியாவுக்கு இந்தோனேசியாவோடு சண்டை. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்திரா. அவர்களும் அணுகுண்டு செய்யப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. "அவன் ஒண்ணு போட்டா வெள்ளைக்காரன் ரெண்டு போடுவான். சீனாக்காரன் சும்மா இருப்பானா? நடுவுல நம்ம மலாக்கா சட்னிதான்லா!" என்று கோப்பிக் கடையில் முழங்கினேன். அப்போது ஒருவர் சொன்னார்: ஜப்பானில் குண்டு விழுந்தபோது வெள்ளைத் துணி உடுத்தியவர்களுக்குச் சூடு குறைவாகப் பட்டதாம்.

அடேயப்பா! வெள்ளை என் தொழில் அல்லவா? உலகத்தைக் காப்பாற்றவே பிறந்தவன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே வெள்ளை வேட்டிக்கு மாறினேன். மனைவி கமலவேணிக்கு அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. அவளையும் வயிற்றில் இருந்ததையும் விட்டால் எனக்கு யார்? நல்ல வெள்ளைச் சேலை ஒன்று வாங்கி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேய்த்து, வளைகாப்பு வளையல் குலுங்கிய அந்தக் கையில் கொடுத்தேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்பவே எனக்கு வெள்ளைச் சேலையா? அறிவு இருக்கா உங்களுக்கு?"

"குண்டுக்குத்தான்மா..."

"குண்டை உங்க தலையில நீங்களே போட்டுக்கிட்டீங்க!"

அன்று மாலையே தெங்கேராவில் இருக்கும் அண்ணன் தியாகு வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்தாலும் திரும்பி வரமாட்டாளாம், தியாகு வந்து சொல்லிவிட்டுப் போனார். குண்டு விழாமலேயே என் வீடு காலி.

மறுநாள் அதே வேட்டியோடு அங்கே போய் நின்றேன். "நீ பிழைக்கணும்னுதான் செஞ்சேன், கமலா" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

சிவப்புச் சேலையில் இருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இதைத்தான் கட்டுவேன். குண்டு விழுந்து நானும் பிள்ளையும் போயிட்டா, நீங்க மட்டும் இந்த வேட்டியில பிழைச்சு என்ன பண்ணப்போறீங்க?"

தியாகு பக்கம் திரும்பினேன்.

"மச்சான், ஒரு கைலி குடுங்க."

கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்ட கைலி. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

கமலவேணி தன் துணி மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நடங்க, வீட்டுக்குப் போலாம்."