வயர் தூக்கும் ஹியூபேட்

கொழும்பு, கொட்டாஞ்சேனைத் திருவிழாவில் புனித அந்தோனியாரின் சுரூபம் உயரமான தேரில் தெருவைச் சுற்றி வரும்போது, குறுக்கே தொங்கும் வயர்களைக் கவைக்கம்பால் தூக்கிப் பிடிப்பவர் ஹியூபேட். முப்பது வருடமாக அந்தக் கம்பை வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை.

வெளிநாடொன்று ஜனாதிபதிக்குப் பரிசாக அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி துறைமுகத்தில் இறங்கியபோது, அதை லொறியில் கொண்டுபோகும் தெருவில் வயர் தூக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

“மிருகத்துக்கெல்லாம் நான் கம்பு பிடிக்கவா?” என்று எரிந்து விழுந்துகொண்டே போனார்.

லொறி வந்தது. மாடி ஜன்னல்களின் உயரத்தில், நீண்ட இமைகளோடு அந்தத் தலை மிதந்து வந்தது. ஹியூபேட்டின் வலது கை, பழக்கத்தில், கம்பை விட்டுச் சிலுவை அடையாளம் போட்டது. கம்பு சரிந்து வயர் தாழ்ந்தது. ஒட்டகச்சிவிங்கி மெல்லக் கழுத்தை வளைத்து, அவர் முகத்தருகே குனிந்து, வயருக்கு அடியால் போனது.

வீட்டுக்கு வந்து கம்பைச் சுவரில் சாத்தினார்.

“எத்தின வருசமா தூக்குறன், மாக்ரெட்,” என்றார் மனைவியிடம். “அந்தோனியார் ஒருநாளும் எனக்குக் குனிஞ்சதில்ல.”