கடைசியாக நடந்தவர்

ஐப்பசியில் கேரளத்துப் போனக்காட்டு அருவிக்கு எங்களைக் கூட்டிப்போன வனக்காவலர் ஒரு பெண். காக்கிச் சட்டை, தலையில் தேயிலை பறிப்பவர்கள் கட்டும் துண்டு, கையில் கம்பு. வழி காட்டுகிறவர் முன்னால்தானே போவார்? இவர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். யானை வந்தால் எங்களைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்த சரிவு முழுக்கக் காட்டுக் காசித்தும்பை பூத்துக் கிடந்தது. ஆசை தாங்காமல் பாதையை விட்டு அதற்குள் இறங்கிப் படம் எடுத்தேன். அவர் திட்டவில்லை.

"கொள்ளாம் அல்லே சாரே?" என்று அழகை மெச்சியபடி தானும் நின்று ரசித்தார். நான் ஏறி வந்ததும், சாய்ந்த செடிகளைக் கம்பால் தூக்கி நிமிர்த்தினார். காய்ந்த கிளையொன்றை இழுத்துக் குறுக்கே போட்டார்.

"எதுக்குக்கா இது?"

"வழின்னு நெனச்சு அடுத்த ஆளுகளும் எறங்குவாங்க, கேட்டோ. பின்னே ஒரு மழ போதும், மண்ணு முழுக்க ஆத்துல கெடக்கும். அதான் நான் பின்னாடி வாறது."

திரும்பும்போது நான் இறங்கிய இடத்தைத் தேடினேன். சரிவெங்கும் பூக்கள்தான் தெரிந்தன.

"எங்கக்கா அது?"

அவர் சிரித்தபடி, முன்னால் நடக்கச் சொல்லிக் கம்பால் பாதையைக் காட்டினார். நான் வந்துபோன அடையாளமே இல்லாத அந்தச் சரிவை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.